மீண்டெழுதலும் மீட்கப்படாதனவும்: மன்னார்க் கரையும் விவரணக் குறும்படங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

1

விவரணத் திரைப்படம் யதார்த்தத்தை உள்ளவாறே காட்டுவது என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. கதைப்படங்கள் முதலீட்டாளரின் இலாப நோக்கினால் உருவாக்கப்படுவன என்பதை எளிதில் ஒப்புக்கொள்ளும் வாசகருங்கூட, விவரணப்படத்தைப் பொறுத்தவரையில் அத்தகைய ஐயம் எதனையும் எழுப்புவதில்லை. திரையிற் காணப்படுபவர் நடிகரல்லர். அவர் வலை இழுக்கின்றார், கருவாடு காயவிடுகின்றார், காணாமற்போன மகனைப் பற்றிப் பேசுகின்றார். ஆகவே காண்பது உண்மையே என மனம் அமைந்துவிடுகின்றது. ஆயின், அப்படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், அதிற் பேசும் குரல் யாருடையது, முடிவுற்ற படம் எவரிடம் போய்ச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்த்தால், விவரணப்படமும் ஏனைய கலைவடிவங்களைப் போலத் தான் பிறந்த சமூகவுறவுகளின் முத்திரையைத் தாங்கி நிற்பது புலனாகும்.

2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றதன் பின்னர், இலங்கையின் வட, கிழக்குப் பகுதிகளைப் பற்றிய விவரணக் குறும்படங்கள் பெருந்தொகையாக வெளிவந்துள்ளன. தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள், அபிவிருத்தி வங்கிகள், திருச்சபை அமைப்புகள், தனிப்பட்ட கலைஞர்கள் எனப் பலதிறத்தார் இவற்றைத் தயாரித்துள்ளனர். பெரும்பாலானவை 15 நிமிடங்களுக்கு உட்பட்டவை. இவற்றின் பொருளைச் சுருக்கிக் கூறுமாறு கேட்டால், மக்கள், சமூகம், மீண்டெழும் ஆற்றல் என்னும் மூன்று சொற்களே விடையாகக் கிடைக்கும். இம்மூன்றாவது சொல்லே இக்கட்டுரையின் பிரதான கவனத்துக்குரியது. மக்களின் தாங்கும் வலிமையைப் போற்றுதல் நல்லெண்ணத்திற் பிறந்த செயலே; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், அப்போற்றுதல் எவ்வரலாற்றின் வழிவந்தது, அது கரையோர மக்களின் இன்றைய வழக்குக்குத் துணைபுரிகின்றதா, அன்றேல் அதனை வலுவிழக்கச் செய்கின்றதா என்பதை ஆராய்தல் அவசியமாகின்றது.

இவ்வாய்வுக்கு மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையையும், அவற்றுள்ளும் தோட்டவெளி என்னும் கிராமத்தையும் நாம் நோக்குநிலையாகக் கொள்கின்றோம். மன்னார் நகருக்கும் பேசாலைக்கும் இடையே அமைந்துள்ள தோட்டவெளி, பரப்பளவிற் சிறியது. எனினும், அதன் மக்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த பதிவுகளின் வரலாறு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நீளமுடையது. அந்நீட்சியில் வைத்துப் பார்க்கும்போதே இன்றைய குறும்படத்தின் இயல்பு துலக்கமாகும்.

2

தோட்டவெளியின் வேதசாட்சிகள் ஆலயம் 1544ஆம் ஆண்டு நிகழ்ந்த படுகொலையின் நினைவாக அமைந்தது. மன்னாரிற் கத்தோலிக்க மதத்தைத் தழுவியிருந்த மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான் என்பதும், அவ்வாறு மாண்டோர் ஏறத்தாழ 600 பேர் என்பதும் திருச்சபை வரலாற்றாசிரியர் கூறுவனவாகும். அம்மக்கள், எதிர்க்கரையில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரிடம் ஆளனுப்பி வேண்டியே குருவானவர் ஒருவரைப் பெற்றனர். இந்நிகழ்ச்சி பற்றிய சமகாலச் சான்றுகள் பிரதானமாகப் போர்த்துக்கேயச் சூழலில் எழுந்த கடிதங்களே. மாண்டவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்தில. அவர்கள் எதற்காகப் புதிய மதத்தை நாடினர், அரசனின் வரிக்கும் கடல்வழி வணிகரின் கடனுக்கும் இடையில் அவர்களின் நிலை யாது என்பதை அவர்தம் வாய்மொழியாக அறிய வழியில்லை. அரசனைத் தண்டிக்கும் பொருட்டு ஒழுங்குசெய்யப்பட்ட போர்த்துக்கேயப் படையெடுப்பும் நடைபெறவில்லை. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிநின்றதும், அச்சரக்கை மீட்பது முதன்மை பெற்றதும் அதற்குக் காரணம் என்பது சவேரியாரின் கடிதத்தினாலேயே தெரியவருகின்றது. மன்னாரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றியது 1560இலேயே. அப்போதும் அவர்கள் அங்கு கோட்டை கட்டி நிலைகொண்டதற்கு முத்தும் கடல்வழியும் முதன்மையான காரணங்களாயின.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மாண்ட மக்களின் உறுதி போற்றப்பட்டது. ஆனால் அவர்களைச் சூழ்ந்திருந்த அரசு, வணிகம், வரி ஆகிய உறவுகள் அப்போற்றுதலின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. உறுதி மட்டும் ஒளிபெற்று, அவ்வுறுதியை வேண்டிநின்ற நிலைமைகள் இருளில் விடப்படுதல் என்னும் இவ்வமைப்பு மன்னார்க் கரையைப் பற்றிய பிற்காலப் பதிவுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றது.

3

பிரித்தானியர் காலத்தில் இக்கரையின் பெயரை உலகறியச் செய்தது முத்துச் சலாபமாகும். மன்னாரின் தென்கரைப் பெருநிலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களிற் சலாபக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். சலாபம் முடிந்ததும் அவ்விடங்கள் மீண்டும் வெறுமணலாயின. ஜோர்ஜ் பிசே என்ற பிரெஞ்சு இசைவல்லார் 1863இல் அரங்கேற்றிய ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் இலங்கையைக் களமாகக் கொண்டது. அதன் கதை முதலில் மெக்சிக்கோவை இடமாகக் கொண்டே திட்டமிடப்பட்டிருந்தது. நாட்டை மாற்றியபோது கதையை மாற்றவேண்டிய தேவை பெரிதாக ஏற்படாமை, முத்துக்குளிப்போன் ஐரோப்பிய அரங்கில் எத்தகைய பொருளாக இருந்தான் என்பதை உணர்த்தும்.

இதற்கு நேர்மாறாக அரசாங்கத்தின் ஆவணங்கள் மிகுந்த நுணுக்கம் வாய்ந்தவை. பேராசிரியர் ஹேர்ட்மன் தயாரித்து 1903 முதல் 1906 வரை வெளிவந்த அறிக்கையின் ஐந்து தொகுதிகளும் சிப்பியின் வாழ்க்கையை அதன் முட்டைப் பருவம் தொட்டு விவரிக்கின்றன. சுழியோடியின் வாழ்க்கைக்கு அத்தகைய தொகுதிகள் எழவில்லை. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் நிருவாக உத்தியோகத்தராகப் பணிபுரிந்த லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் அவ்வனுபவத்தைத் தமது சுயசரிதையிலும், 1921இல் வெளியான ஒரு சிறுகதையிலும் எழுதினார். எடுக்கப்பட்ட சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு சுழியோடிகளுக்கும் உரியதாயிருந்தது. இப்பங்கீடே சலாபத்தின் மையமான சமூகவுண்மை. எனினும், பயணிகளின் வருணனைகளையும் புகைப்படங்களையும் நிறைத்திருப்பவை சுழியோடியின் மூச்சடக்கும் வலிமை, அவன் காலிற் கட்டிய கல், சுறாவை மந்திரத்தாற் கட்டும் கடற்கட்டி ஆகியனவே. மூச்சடக்குவது கண்ணுக்குத் தெரியும். மூன்றில் இரண்டு பங்கு கண்ணுக்குத் தெரியாது. படக்கருவி இக்கரைக்கு வருமுன்னரே, அது எதைக் காணவேண்டும் என்பது ஒருவாறு தீர்மானிக்கப்பட்டிருந்தது எனலாம்.

இக்கரை வேறொரு பெருங்கூட்டத்தினருக்கும் வாயிலாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரைகளில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொள்ளைநோயினாலும் பட்டினியினாலும் அவ்வழியிற் பலர் மாண்டனர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானபோது, அவர்களுள் மிகப் பலர் இதே தலைமன்னார் இறங்குதுறை வழியாகவே அனுப்பப்பட்டனர்.

4

இலங்கையின் விவரணத் திரைப்பட வரலாறு 1934ஆம் ஆண்டின் ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற படத்துடன் தொடங்குவதாகக் கொள்வது மரபு. பசில் றைற் இயக்கி, ஜோன் கிறியேர்சன் தயாரித்த இப்படம் 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. உலக விவரணப்படங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றென இன்றும் கருதப்படுவது. இதற்குப் பணம் வழங்கியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபையாகும். சபை கேட்டவை நான்கு சிறு பயணப்படங்கள். கிடைத்தது நான்கு பகுதிகளைக் கொண்ட ஒரே படம். றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்ட உரையை லயனல் வென்ட் வாசித்தார். அதாவது, 20ஆம் நூற்றாண்டின் இலங்கைக் கிராமத்தவரைப் பற்றித் திரையில் ஒலிப்பது, 17ஆம் நூற்றாண்டில் கண்டியிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரின் சொற்கள். படத்தில் வருவோர் உழைக்கின்றனர், வழிபடுகின்றனர், ஆடுகின்றனர். தம்மைப் பற்றித் தாமே பேசுவதில்லை.

இதனைக் கூறும்போது படத்தின் கலைச்சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் மூன்றாம் பகுதியில் வணிகச் சந்தையின் விலைகூறும் குரல்கள் உழைப்பின் காட்சிகள்மீது ஒலிக்கின்றன. முதலாளியத்தின் இயக்கத்தை ஒலியின் மூலம் உணர்த்திய ஆரம்ப முயற்சிகளுள் அஃதொன்று. எனினும், பிரசார சபையின் செல்வத்தை உற்பத்தி செய்தவர் யார், அவர்கள் எவ்வழியாக இந்நாட்டுக்கு வந்தனர் என்பதை அது வினவவில்லை. மன்னார்க் காட்டுவழி இலங்கையின் அக்கீதத்தில் இடம்பெறவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. இத்தாலியரான ஜூலியோ பெற்றோனி, பெடரிக்கோ செரா ஆகியோரும், பின்னர் ஆங்கிலேயரான றல்ப் கீனும் அதன் ஆரம்பக் கட்டத்திற் பங்காற்றினர். ‘நீர்கொழும்பு மீனவர்’, ‘நெலுங்கம’ ஆகிய படங்கள் அங்கிருந்தே வந்தன. மலேரியா ஒழிப்பையும் உலர்வலயத்தின் மீட்பையும் பற்றிய படத்தை 1954இல் உருவாக்கிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், அப்பிரிவை விட்டு விலகி 1956இல் ‘ரேகாவ’ கதைப்படத்தை அளித்தார். சிங்களத் திரைப்படத்தின் யதார்த்தநெறி இவ்வாறு விவரணப்பட அனுபவத்திலிருந்து கிளைத்தது. தமிழ்த் திரைப்பட முயற்சிகளுக்கு அத்தகைய பயிற்சிக்களம் அமையவில்லை. உலர்வலயத்தை வெல்லுதல் என்ற தேசியப் படிமத்துள் குடியேற்றத் திட்டங்கள் எவருடைய நிலவுரிமையை எவ்வாறு மாற்றின என்னும் வினாவுக்கும் இடமிருக்கவில்லை.

5

இவ்விடத்து, இதே 1934இல் வெளிவந்த மற்றொரு படத்தை நினைவுகூர்தல் பொருந்தும். றொபேட் ஃபிளாகட்டியின் ‘மேன் ஒஃப் ஆரன்’, அயர்லாந்தின் மேற்கேயுள்ள தீவுகளில் அலைகளோடு போராடும் மீனவக் குடும்பமொன்றைக் காட்டுவது. அக்குடும்பம் படத்துக்காகத் தெரிந்தெடுத்துச் சேர்க்கப்பட்டது. படத்தின் உச்சமான சுறா வேட்டை, அத்தீவினர் பல்லாண்டுகளுக்கு முன்னரே கைவிட்ட தொழில். அவர்களுக்கு அது மீண்டும் கற்பிக்கப்பட்டது. தீவினரின் வறுமைக்குக் காரணமாயிருந்த நிலவுடைமை உறவுகள் படத்தில் இல்லை. கடலும் காற்றும் பாறையுமே அவர்களின் பகைவர். இயற்கையைப் பகையாக நிறுத்தினால் மனிதன் வீரனாவான்; உடைமையாளன் காணாமற்போவான். மீண்டெழும் ஆற்றலைப் பாடும் குறும்படத்தின் இலக்கணம் பெருமளவுக்கு இங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது.

பிரெக்ற் இதனை வேறொரு வகையில் உணர்த்தினார். பெருந்தொழிற்சாலையொன்றின் புகைப்படம் அத்தொழிற்சாலையைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே கூறுவதில்லை என்பது அவர் கருத்து. உறவுகள் புறத்தோற்றத்தில் அகப்படா. அவற்றைக் காட்டுவதற்கு ஏதேனும் கட்டியெழுப்பவேண்டும். மன்னார்க் கரையில் வலையிழுக்கும் பத்துப்பேரின் படம், வலை எவருடையது, சம்மாட்டிக்கு எத்தனை பங்கு, முற்பணக் கடன் எவ்வளவு என்பவற்றைத் தானாகச் சொல்லாது. ஈழத்துத் தமிழிலக்கியத்தில் 1960களில் ‘மண்வாசனை’ பற்றி நிகழ்ந்த விவாதத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. பேச்சுவழக்கும் ஊர்ப்பெயரும் மட்டும் ஒரு படைப்பை மக்கள் இலக்கியமாக்கிவிடா என்பது அன்றே உணரப்பட்டது. பேசாலையைச் சேர்ந்த எஸ். ஏ. உதயனின் ‘லோமியா’, ‘தெம்மாடுகள்’ முதலிய நாவல்கள் இக்கரையின் பேச்சையும் தொழிலையும் உள்ளிருந்து எழுத முனைந்தவை. குறும்படத்துக்கு அத்தகைய விமர்சன மரபு நம்மிடையே இன்னும் உருவாகவில்லை.

போர்க்காலத்தில் படக்கருவி இருதரப்பினருக்கும் ஆயுதமாயிற்று. 1982இல் ஆரம்பமான ரூபவாகினி அரசின் குரலாக இயங்கியது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் என்ற பிரிவு அவ்வியக்கத்தின் குரலாக இயங்கியது. அரசியலில் இவை எதிரெதிரானவை. எனினும், மக்களைத் தத்தம் முடிவுக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தியமையில் ஒற்றுமையுடையவை. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார்த் தீவின் ஊர்கள் ஒரே மாதத்தில் வெறுமையாயின. தோட்டவெளிக்கு மிக அண்மையிலுள்ள ஊரார் புத்தளத்துக்குப் பெயர்ந்தனர். மன்னாரின் ‘சமூகம்’ பற்றி இன்று எடுக்கப்படும் படம் எதுவாயினும், அச்சொல்லுள் அடங்குவோர் யாவர் என்பதை 1990ஐக் கருத்திற்கொண்டே வரையறுக்கவேண்டும். ஒரு சமயத்தாரின் ஆலயத்தையும் ஒரு சமயத்தாரின் துயரத்தையும் மட்டும் காட்டிச் சமூகம் என்பது, வெளியேற்றத்தைத் திரையில் மறுபடியும் நிகழ்த்துவதாகும்.

6

போரின் பின்னர் வந்த குறும்படங்களின் பொதுவமைப்பைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம். முதலில் விடியற்காலைக் கடல் அல்லது பனைவரிசை, அடுத்துத் தனியொருவர், பெரும்பாலும் கணவனை இழந்த பெண், தமது இழப்பைக் கூறுவார், பின் ஒரு தையற்பொறியோ கோழிக்கூடோ சிறுகடனோ வரும், இறுதியிற் புன்னகை. இழப்புக்கும் புன்னகைக்கும் இடையிலுள்ள தொலைவை உதவி நிறுவனம் நிரப்பும். இழப்பை விளைவித்தவர் எவரும் அத்தொலைவில் தென்படார். துயரம் புயலைப்போல எங்கிருந்தோ வந்துபோனதாகவே தோன்றும்.

இங்கு சொல்லின் அரசியலையும் நோக்குதல் வேண்டும். மீண்டெழும் ஆற்றல் என இன்று நாம் பெயர்க்கும் கருத்து, பொறியியலிலும் சூழலியலிலும் வழங்கிப் பின்னர் அபிவிருத்தித் துறைக்கு வந்தது. வளைந்த கம்பி தன் நிலைக்கு மீள்வது அதன் இயல்பு. வளைத்த கை பற்றிய கேள்வி அங்கில்லை. மனிதக் கூட்டத்துக்கு அதனைப் பொருத்தும்போது, மீள்வதற்கான கடமை பாதிக்கப்பட்டவரின் தோளில் ஏற்றப்படுகின்றது. மீளாதவர் ஆற்றல் குறைந்தவராகின்றார். இதனைவிடப் பாரதூரமான விளைவும் உண்டு. இம்மக்கள் எதனையும் தாங்கவல்லவர் எனத் திரை திரும்பத் திரும்பக் கூறுமாயின், அடுத்த சுமையையும் தாங்குவர் என்னும் முடிவுக்கு ஆளுவோர் வருவது எளிதாகின்றது.

அச்சுமைகள் கற்பனையானவை அல்ல. மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள முள்ளிக்குளம் மக்கள் 2007இற் பெயர்க்கப்பட்டனர். அவர்களின் நிலத்திற் கடற்படை முகாம் அமைந்தது. 2017 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அவர்கள் நடத்திய தொடர் போராட்டத்தின் பின்னரே 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. மன்னார்த் தீவின் தென்கரையில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 30 காற்றாலைகளைக் கொண்ட 100 மெகாவாற் மின்நிலையம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதனை அடுத்து அதானி குழுமம் திட்டமிட்ட பெருந்திட்டத்திலிருந்து அக்குழுமம் 2025 பெப்ரவரியில் விலகியது. வேறு காற்றாலைத் திட்டங்களையும், தீவின் மணலிலிருந்து இல்மனைற் என்னும் கனிமத்தை அகழும் முயற்சிகளையும் எதிர்த்து 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் தொடர்ந்து வீதியில் நின்றனர். காற்றாலைப் பணிகளை ஒரு மாதத்துக்கு இடைநிறுத்துமாறு அம்மாதத்திலேயே அரசுத்தலைவர் பணித்தார். காற்றிலிருந்து மின்சாரம் பெறுதல் நாட்டுக்குத் தேவை என்பதில் முற்போக்காளர் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. வினா அதுவன்று. தாழ்ந்த மணற்றீவொன்றில் மழைநீர் வழிந்தோடும் பாதைகளையும், கரைவலைப் பாடுகளையும், குடிநீர்க் கிணறுகளையும் பாதிக்கக்கூடிய முடிவுகளை எடுக்கும் உரிமை எவரிடம் உளது என்பதே வினா.

கடலிலும் இதே நிலை. தமிழகத்து இழுவைப் படகுகள் பாக்கு நீரிணையின் இக்கரையில் வலைகளை அறுத்துச் செல்லும் கொடுமை நன்கறியப்பட்டது. அடிமடி இழுவையை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. இதனைப் பற்றிய படங்கள் ஒருபுறம் ஒரே மொழி பேசும் சகோதரர் என்று கண்ணீர் சிந்துகின்றன; மறுபுறம் அந்நியக் கொள்ளையர் என்று சினக்கின்றன. இழுவைப் படகின் உரிமையாளர் கரையில் இருப்பதும், அதிற் பங்குக்கும் கூலிக்கும் செல்வோரே சிறைப்படுவதும் சுடப்படுவதும் ஒரு வர்க்கவுண்மை. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ என்ற 2011ஆம் ஆண்டுப் படம் தனுஷ்கோடிக் கரை மீனவரையும் அகதிகளையும் ஒருங்கே காட்ட முனைந்தது; அது தணிக்கையின் தடையை முதலில் எதிர்கொண்டது.

7

அவ்வாறாயின், விவரணக் குறும்படம் செய்யக்கூடியது யாது? மூன்று முன்மாதிரிகளை இங்கு எடுத்துக்காட்டலாம்.

முதலாவது, மன்னாரைப்போலவே ஒரு மீனவத் தீவிற் பிறந்தது. கனடாவின் நியூபவுண்லாந்துக்கு அப்பாலுள்ள ஃபோகோ தீவினரை வேறிடத்திற் குடியேற்ற அரசாங்கம் எண்ணியிருந்தது. 1967இல் தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோவும், மெமோறியல் பல்கலைக்கழகத்தின் டொனல்ட் ஸ்னோடனும் அத்தீவினருடன் சேர்ந்து 27 குறும்படங்களை உருவாக்கினர. ஒரே பெரிய படமாகத் தொகுத்து வெளியுலகுக்கு அனுப்புவதை அவர்கள் தவிர்த்தனர். பேசியவருக்கே படம் முதலிற் காட்டப்பட்டது. பின்னர் ஊர்தோறும் மண்டபங்களிற் காட்டப்பட்டது. பிறகு ஆட்சியாளருக்குக் காட்டப்பட்டு அவர்களின் மறுமொழியும் படமாக்கித் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டது. தம்முள் பிரிந்துகிடந்த ஊரவர் தம் இடர்கள் பொதுவானவை எனக் கண்டனர். கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, குடிபெயர்ப்பு நிகழவில்லை. படமே இவற்றைச் சாதித்தது என்று கூறுவது மிகை. அத்தீவில் முன்னரே மக்கள் குழுவொன்று இயங்கிவந்தது. படம் அதன் கையிற் கருவியாயிற்று. இதுவே அம்முயற்சியின் பாடம்.

இரண்டாவது முன்மாதிரி தமிழ்நாட்டிலுள்ளது. 1999இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளரின் ஊர்வலம் தாக்கப்பட்டு 17 பேர் தாமிரபரணியில் மாண்டதை ஆர். ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ பதிவுசெய்தது. அமுதன் ஆர். பி. தமது ‘பீ’ படத்தில் மதுரைத் துப்புரவுத் தொழிலாளியான பெண்ணொருவரின் உழைப்பை அழகுபடுத்தாது காட்டினார். கதிர்வீச்சுப் பற்றிய அவரது படவரிசை, கடற்கரை மணலில் கனிமம் அகழப்படும் மணவாளக்குறிச்சியிலிருந்து தொடங்குகின்றது. மணவாளக்குறிச்சிக்கும் மன்னாருக்கும் இடையே கடலொன்றே உண்டு. மணலின் பொருளாதாரம் ஒன்று. அப்படத்தைத் தோட்டவெளியின் ஆலய முற்றத்திற் காட்டுவது, தோட்டவெளியைப் பற்றி இன்னொரு படம் எடுப்பதைவிடப் பயனுடையதாகலாம். ஈழத்துச் சூழலில் யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பற்றிய சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ என்ற 2008ஆம் ஆண்டுப் படமும், வடபகுதி இரயில்பாதையின் வழியே வரலாற்றைத் தேடிய தர்மசேன பத்திராஜவின் படமும் இழப்பை நிறுவனங்களோடும் ஆண்டுகளோடும் பொருத்திக்காட்டியவை.

மூன்றாவது முன்மாதிரி மன்னாரின் சொந்த மரபு. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இருவகைக் கத்தோலிக்கக் கூத்துகளும் வாசகப்பாக்களும் இம்மாவட்டத்தில் நெடுங்காலம் ஆடப்பட்டுவந்தன. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ ஆகியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்தமையால் ஆய்வுலகம் அவற்றை அறிந்தது. கூத்திற் பணம் போடுவது ஊர், ஆடுவது ஊர், பார்த்துத் திருத்துவதும் ஊர். தயாரிப்பாளர், பாத்திரம், பார்வையாளர் என்னும் பிரிவினை அங்கு இறுகவில்லை. இம்மரபை நாம் இலட்சியமயமாக்கவில்லை. பெண்களுக்கு அதில் மேடை இருக்கவில்லை. சாதியும் திருச்சபையின் கட்டுப்பாடும் அதற்குள் இயங்கின. மன்னர் கதைகளே மீனவரின் மேடையை நிறைத்தன. எனினும், படைப்பு தான் பிறந்த ஊரிலேயே கணக்குக் கொடுக்கவேண்டும் என்ற நியதியை அது காத்தது. ஃபோகோத் தீவினருக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டியிருந்ததை மன்னார் மக்கள் தம் கூத்துமுற்றத்தில் முன்னரே அறிந்திருந்தனர்.

8

விவரணம் என்பது படக்கருவியை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு மன்னாரே ஒரு சான்று தருகின்றது. 2011 ஜனவரியில் அந்நாளைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப், கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின்முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தோர் அரச செயலகங்களின் கணக்கின்படி 4,29,059 பேர். போரின் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கின்படி 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார். இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து இடைவெளியைச் சுட்டுதல் என்னும் இம்முறை, படத்தொகுப்புக் கலையின் அடிப்படைத் தத்துவமே. இங்கு எவருடைய மனவுறுதியும் போற்றப்படவில்லை, எவரும் புன்னகைக்கவில்லை. ஆனால், பதில் கூறவேண்டியவர் யார் என்பது தெளிவாயிற்று.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். மன்னார்க் கரை மக்களின் உறுதியைப் பிறர் பதிவுசெய்யும் மரபு 1544இன் கடிதங்கள் முதல் இன்றைய குறும்படம் வரை தொடர்ச்சியுடையது. அம்மரபில் உறுதி முன்னிறுத்தப்படுந்தோறும் உடைமையுறவுகள் பின்னொதுங்கியுள்ளன. இதனை மாற்றக் குறும்படத்தைக் கைவிடவேண்டியதில்லை. அதன் செலவும் கருவியும் இன்று சாதாரண மக்களுக்கும் எட்டும் நிலையில் உள்ளமை பெரும் வாய்ப்பேயாகும். படம் எடுப்போர் தையற்பொறியின் அருகில் நிலவுறுதியையும், வலையின் அருகிற் கடன்கணக்கையும், காற்றாலையின் அருகில் ஒப்பந்தத்தையும் வைத்துக் காட்டவேண்டும். எடுத்த படத்தை எவருடைய முகம் அதில் உள்ளதோ அவரது முற்றத்தில் முதலிற் காட்டி, அவர் மறுத்தால் திருத்தவேண்டும். எருக்கலம்பிட்டியாரும் தோட்டவெளியாரும் ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கும் நிலை ஏற்படவேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. 1960களிற் கூத்துகளைத் தேடிப் பதிப்பித்த அக்கறையோடு இக்குறும்படங்களை ஊர், ஆண்டு, நிதி வழங்கியோர் என்னும் விவரங்களுடன் சேகரித்து, அவற்றை ஆய்வுக்கும் மக்களின் பயன்பாட்டுக்கும் உரியனவாக்குதல் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும். தோட்டவெளியில் 1544இல் மாண்டோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று அக்கரையில் வாழ்வோரின் பெயர்களும் முகங்களும் ஏராளமாகப் பதிவாகின்றன. பதிவாகாதிருப்பது அவர்கள் கரையின்மீது கோரும் உரிமை. அவ்வுரிமைக்குச் சான்றாக நிற்கும் படமே மக்கள் வரலாற்றின் ஆவணமாகும்.